பசியாவரத்தில் உறைந்த உலோகம்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகிறவர்கள் கிழக்குப் பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று நிலையங்கள் கழியக் கழிய, சென்னை தன் உலைகளையெல்லாம் எங்கே கொண்டுவந்து வைத்தது என்பது தெரிந்துவிடும். 1959இல் தொடங்கி லாரி என்ஜின்களுக்கான இரும்பு வார்ப்புகளைச் செய்துவந்த எண்ணூர் ஃபவுண்டரீஸ் இந்தப் பக்கம்தான். அத்திப்பட்டைத் தாண்டும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நெடுநேரம் கூடவே வரும். மீஞ்சூருக்கு அப்புறம்தான் பச்சை. பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பேருந்தில் ஏறினால், வயல்களும் இறால் பண்ணைகளும் மாறி மாறி வந்து, கடைசியில் காற்றில் உப்பு வந்து சேரும்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்களைத் தேடி வருகிறார்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. என் வேலை ஏரிக்கு அந்தப் பக்கம், பசியாவரத்தில் இருந்தது. அங்கே ஒரு படகுக்காரரிடம் படகு என்ஜினின் முறிந்துபோன அலுமினிய விசிறி ஒன்று இருப்பதாக, வார்ப்படத் தொழிலில் என்னோடு வேலை பார்த்த நண்பர் சொல்லியிருந்தார். அவருடைய மாமியார் வீடு அந்தப் பக்கம். "முறிஞ்ச இடத்தைப் பாரு, நீயே ஒரு கட்டுரை எழுதுவே" என்றார். அது போதுமானதாக இருந்தது.

படகுத்துறையில் ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து ஒவ்வொரு ஐஸ் பாராகக் கொக்கியால் இழுத்துத் தள்ளுகிறார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பாரும் ஓரங்களில் கண்ணாடிபோலத் தெளிந்தும், நடுவில் நீளவாக்கில் பால்போல வெளுத்தும் இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் தகரக் கேனில் நல்ல தண்ணீரை ஊற்றி, பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கிவைப்பார்கள். உறைதல் கேனின் சுவரில் தொடங்குகிறது. அங்கே பிறந்த படிகங்கள் சுவருக்குச் செங்குத்தாக, அருகருகே, உள்நோக்கி நீள்கின்றன. பனிப்படிகம் தன் அமைப்புக்குள் காற்றையும் உப்பையும் ஏற்றுக்கொள்ளாது. எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நான்கு பக்கத்திலிருந்தும் தள்ளப்பட்டவை கடைசியில் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. அந்த வெள்ளைத் தண்டு அப்படி உண்டானது. ஐஸ் உடைக்கிற மெஷினில் போடும்முன் ஒருவர் சம்மட்டியால் ஒரு பாரைப் பிளந்தார். ஓரத்துத் தெளிந்த பகுதி நீள நீளமான குச்சிகளாகப் பிரிந்தது, நடுப்பகுதி பொடிந்தது.

உருகிய அலுமினியத்தை இரும்பு அச்சில் ஊற்றும்போதும் இதேதான் நடக்கிறது. வெப்பம் மட்டும் வேறு. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உறையும், 12.6 சதவீதம் சிலிக்கான் சேர்ந்தால் 577 டிகிரிவரை திரவமாகவே நிற்கும். குளிர்ந்த அச்சின் சுவரைத் தொட்டவுடன் மெல்லிய தோல்போல நுண்ணிய படிகங்கள் திரளும். அவற்றில் வெப்பம் வெளியேறும் திசைக்கு நேராக அமைந்தவை வேகமாக வளர்ந்து, கோணலாக நிற்பவற்றை மூடிவிடும். பிழைத்தவை தூண்களாக உள்ளே நீளும். உறைந்த உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்தால் இந்தத் தூண்கள் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு தூணும் ஒரு மணி. ஒரே படிகமாக, ஒரே ஒழுங்கில் அணுக்கள் அடுக்கப்பட்ட ஒரு துண்டு. இரண்டு மணிகள் முட்டும் இடம் எல்லை. கடைசிவரை தள்ளப்பட்ட கசடும் வாயுவும் வந்து ஒதுங்குவது அங்கேதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரிது. தண்ணீர் உறையும்போது பருக்கும். அலுமினியம் உறையும்போது கொள்ளளவில் 6 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். சுருங்கும் இடத்தை நிரப்ப, இன்னும் திரவமாக இருக்கும் உலோகம் ஓடிவர வேண்டும். வழி அடைபட்டால் அங்கே வெற்றிடம்தான்.

ஏரி வழியாகவே அக்கரை போக விரும்பினேன். பசியாவரம் மக்களுக்கு இந்தத் தண்ணீர்வழி நெடுங்காலம் பிழைப்பாகவும் தொல்லையாகவும் இருந்துவந்தது. பிள்ளைகள் படிக்கவும், நோயாளிகள் மருத்துவமனைக்கும், மீன் சந்தைக்கும் எல்லாம் படகு. பாலம் வேண்டும் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்த வருஷங்கள் அநேகம். என்னை ஏற்றிக்கொண்ட அண்ணன் ஃபைபர் போட்டின் என்ஜினை இழுத்துவிட்டு, ஆழமில்லாத இடங்களில் அதைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் மண்ணும், கடல் தள்ளிவிடும் மணலும் சேர்ந்து முகத்துவாரத்தை அடைக்கின்றன. "முகத்துவாரம் தூந்து கெடக்கு தம்பி. மணல் திட்டு எங்க வரும்னு நேத்து போனவனுக்குக்கூடத் தெரியாது. விசிறி அடிபடாத ஆளே இங்க இல்ல" என்றார். ஆழமில்லாத தண்ணீரில் இடுப்பளவில் உட்கார்ந்தபடி சில பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லில் கவ்விய பனையோலைப் பறியில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள்.

விசிறி வீட்டுத் திண்ணையில், கிழிந்த வலைக்குவியலின்மேல் கிடந்தது. மூன்று இறக்கையில் ஒன்று அடியோடு போயிருந்தது. வீட்டுப் பெரியவர் அதை எடுத்து நீட்டினார். "கம்பெனி விசிறி மணல்ல அடிச்சா வளையும். தட்டி நிமித்திக்கலாம். அது வெல அதிகம்னு இத வாங்கினேன், காயலான் கடைச் சாமான உருக்கி ஊத்துறாங்களே, அங்க. இது வளையவே இல்ல. பொட்டுனு போயிடுச்சு."

நான் பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், ஆனால் சாய்த்துப் பிடித்தால் ஆங்காங்கே மின்னியது. பளபளக்கும் தளங்கள் சில இடங்களில் நெல்மணியைவிடப் பெரியவை. இறக்கை நடுத்தண்டோடு சேரும் தடித்த இடத்தில் ஒரு பொந்து. அதற்குள் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பொந்தின் உட்சுவரெங்கும் வெள்ளி மரங்கள். ஒரு தண்டு, அதற்குக் குறுக்கே நேர்கோணத்தில் அடுக்கடுக்காகக் கிளைகள், அச்சு அசல் இலவ மரம். பெரியவரிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திரும்பிப் பார்த்தவர், தன் பேத்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார். "தாத்தா, உள்ள காடு இருக்கு" என்றாள்.

அந்தக் காடு எல்லா வார்ப்பிலும் உண்டு. அலுமினியக் கலவை உறையும்போது படிகத்தின் முகம் தட்டையாக முன்னேறாது. தான் ஏற்றுக்கொள்ளாத சிலிக்கானையும் செம்பையும் தன்முன் தள்ளுவதால், முனை துருத்திக்கொண்டு நிற்கும் இடம் மேலும் வேகமாக ஓடும். முனை தண்டாகும், தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை. அலுமினியப் படிகம் கனசதுர ஒழுங்கில் அமைந்ததால் கிளைகள் நேர்கோணத்தில் நிற்கும். வழக்கமாக இந்த மரங்களுக்கு இடையிலான திரவமும் பின்னால் உறைந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதால் நாம் அவற்றைப் பார்ப்பதில்லை. இந்த விசிறியில் கடைசித் திரவம் வந்து சேரவில்லை. சுருங்கிய இடம் நிரம்பாமல் போனதால் மரங்கள் அம்மணமாக நின்றுவிட்டன. மணல்திட்டில் பட்ட அடியைத் தாங்க வேண்டிய இடமே வெற்றிடமாக இருந்தது.

ஏன் திரவம் வரவில்லை? மணிகள் மிகப் பெரியவை, மிகக் குறைவானவை என்பது முக்கியமான காரணம். பெரிய மணி என்றால் நீண்ட கிளைகள். அவை சீக்கிரமே ஒன்றோடொன்று பின்னி வழியை அடைத்துக்கொள்ளும். மணிகள் சிறியவையாக, எண்ணிக்கையில் லட்சக்கணக்காக இருந்தால், அவை திரவத்தோடு சேர்ந்தே கூழாக நகரும். உலோகம் பாதிக்குமேல் உறைந்த பிறகுங்கூட இடுக்குகளுக்குப் போய்ச் சேரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணி ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு கன சென்டிமீட்டரில் 125 மணிகள்; 0.15 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 3 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு விசிறியின் ஆயுள் இருக்கிறது.

எத்தனை மணி என்பது தீர்மானமாவது உறைதலின் முதல் சில நொடிகளில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. திரவத்துக்குள் ஒரு படிகம் தானாகப் பிறப்பது மிகக் கடினம். பிறக்கிற துளி மிகச் சிறியது. அதன் அளவுக்கு மேற்பரப்பு அதிகம். மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். எந்தத் துணையும் இல்லாமல் உறைய வேண்டுமென்றால் உலோகம் தன் உறைநிலைக்கு நூறு டிகிரிக்கும் மேலாகக் கீழே குளிர வேண்டியிருக்கும். பட்டறையில் அப்படி ஒருபோதும் நடக்காது, ஏனென்றால் உள்ளே ஏதாவது ஒரு தூசு, ஒரு துகள், அச்சின் சுவர் இருக்கும். படிகம் அதன்மேல் தொற்றிக்கொள்ளும். ஆகவே கேள்வி, எத்தனை நல்ல துகள்கள் இருக்கின்றன என்பதுதான்.

வேண்டுமென்றே துகளைப் போடலாம் என்ற வழக்கம் அறிவியலாகத் திரண்டது 1949ஐ ஒட்டி. சிறிதளவு டைட்டானியமும் போரானும் மணியை நுணுக்குவது, அவை திரவத்தில் நுண்துகள்களாக நின்று வித்தாவதால்தான் என்று இங்கிலாந்தில் சிபுலா எழுதினார். இன்று பட்டறைகளில் டைபோர் கம்பி என்பார்கள்: நூற்றில் 5 பங்கு டைட்டானியம், 1 பங்கு போரான், மிச்சம் அலுமினியம். உள்ளே டைட்டானியம் போரைடுத் துகள்கள், சில மைக்ரான் அளவில். ஆயிரம் கிலோ உலோகத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கம்பி போட்டாலே மணி மாறிவிடும். போட்ட துகள்கள் எல்லாம் மணியாவதில்லை; நூற்றில் ஒன்றுகூடத் தேறுவது அரிது. 2000இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரீர் குழுவினர் இதற்கு விளக்கம் தந்தார்கள். பெரிய துகள்மேல் படிகம் வளர ஒரு டிகிரிக்கும் குறைவான கூடுதல் குளிர்ச்சி போதும். சிறிய துகளுக்கு அதைவிட அதிகம் வேண்டும். பெரியவை முந்திக்கொள்கின்றன. அவை வளரும்போது விடும் உள்ளுறை வெப்பம் சுற்றுப்புறத்தைத் திரும்பச் சூடாக்க, சிறியவற்றின் வாய்ப்பு அத்தோடு முடிந்துவிடுகிறது.

துகள் போடாமலும் மணி பெருகும் வழி ஒன்று உண்டு. 1966இல் ஜாக்சனும் ஹண்ட்டும் தங்கள் கூட்டாளிகளோடு அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். உலோகத்துக்குள் பார்வை போகாது என்பதால் நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் உறையவைத்தார்கள். பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கு நம் வீடுகளில் பயன்பட்ட அதே நவச்சாரம். அது உலோகத்தைப்போலவே மரங்களாக உறையும். நீரோட்டம் பட்டுச் சிறுகிளைகள் காம்பில் கரைந்து அறுந்து, மிதந்து போய், நடுவில் புது மணிகளாக வளர்ந்ததை அவர்கள் கண்டார்கள். உறைகிற வார்ப்பை அசைப்பதும் கலக்குவதும் ஏன் மணியை நுணுக்கும் என்பதற்கு அதில் விடை இருந்தது. 1999இல் பிரான்ஸின் கிரெனோபிளில், வீரியமிக்க எக்ஸ் கதிரால், உண்மையான உலோகக் கலவையிலேயே இந்தக் கிளைகள் வளர்வதைப் படம்பிடித்துவிட்டார்கள்.

பெரியவரின் மருமகள் ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடையில் மடவை மீனை அலசிக்கொண்டிருந்தார். ஏலத்துக்கும் தெருவியாபாரத்துக்கும் கரையெங்கும் இந்த அன்னக்கூடைதான். சென்னைக்கும் அலுமினியத்துக்குமான உறவு நீண்டது. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய கைகளுக்கு இந்த வெள்ளை உலோகத்தைக் கற்றுக்கொடுத்தார். அன்னக்கூடை தகட்டிலிருந்து அழுத்திச் செய்வது, வார்ப்பு இல்லை. ஆனாலும் தகடும் முதலில் ஒரு வார்ப்புக் கட்டியாகத்தான் பிறக்கிறது. அந்தக் கட்டியில் மணி பெரிதாக இருந்தால், உருட்டும்போதோ அதற்கு முன்போ விரிசல் விட்டுவிடும். உலகில் செலவாகும் டைபோரில் பெரும்பங்கு இத்தகைய கட்டிகளை வார்க்கத்தான் போகிறது.

வடக்கே கை நீட்டி, "அதோ, அந்தப் பக்கந்தான் ராக்கெட்டு" என்றார் பெரியவர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் ஸ்ரீஹரிகோட்டா. ஏவும் நாட்களில் குறிப்பிட்ட எல்லைக்குள் கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். தொழிலை விட்டுக் கரையில் நின்று பார்ப்பார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐத் தூக்கிப்போன எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் தொட்டிகள் 2219 என்ற அலுமினியக் கலவை. 6 சதவீதத்துக்குச் சற்று மேல் செம்பு கலந்தது. அதுவும் ஒரு வார்ப்புக் கட்டியில் தொடங்கியதுதான். தென்புறம், இங்கிருந்து ஒரு காலைப்பொழுதுக்குள் போய்விடக்கூடிய கிண்டியில், சென்னை ஐஐடி. அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்த பி.எஸ். மூர்த்தி, கோரி, சக்ரவர்த்தி ஆகியோருடன் 2002இல் எழுதிய அலுமினிய மணி நுணுக்கல் பற்றிய ஆய்வுத்தொகுப்பை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். வடக்கே ராக்கெட், தெற்கே ஆய்வுக்கூடம், நடுவில் இந்தத் திண்ணையில் முறிந்த விசிறி. இது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த அறிவு கிடைக்காத பொருளோ, விலை கட்டுப்படியாகாத பொருளோ இல்லை. ஒரு விசிறிக்குத் தேவைப்படும் கம்பியின் செலவு தேநீர்ச் செலவைத் தாண்டாது. காயலான் கடை உலோகத்தை உருக்குகிறவருக்கு இதை யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த உருக்குகிறவரைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வருவது ஸ்கூட்டர் என்ஜின் மூடி, பழைய பிஸ்டன், உடைந்த கார் பாகம். இவற்றில் பெரும்பாலும் சிலிக்கானும் செம்பும் அதிகம். செம்பு இருந்தால் பட்டறையில் கடைவது சுலபம். உப்புத் தண்ணீரில் அது அரிப்புக்கு வாசல் திறந்துவிடும். படகு என்ஜின் செய்யும் கம்பெனிகள் செம்பைக் கூடியமட்டும் தள்ளிவைப்பது அதனால்தான். இன்னொரு சிக்கல்: சிலிக்கான் 3 சதவீதத்தைத் தாண்டினால் டைட்டானியத்தின் வேலை மந்தப்படும். அப்போது போரான் கூடுதலாக உள்ள கம்பி வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றும் நனைந்த சாமானும் சேர்ந்தால் ஹைட்ரஜன். திரவ அலுமினியம் தாங்கும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்த அலுமினியம் தாங்கும். மிச்சமெல்லாம் புரைகளாகும். சிறு மணியால் இதைத் தடுக்க முடியாது. ஆனால் புரைகள் ஒரே இடத்தில் கூடாமல் பொடிப்பொடியாகச் சிதறும்.

மணியின் அளவே எல்லாமும் என்று நினைத்துவிடவும் கூடாது. வார்ப்பு அலுமினியத்தின் வலிமையை, மணிக்குள்ளே இருக்கும் கிளைகளின் நெருக்கம் இன்னும் அதிகமாகத் தீர்மானிக்கிறது. அது குளிரும் வேகத்தைப் பொறுத்தது. மணல் அச்சில் மெல்லக் குளிர்ந்தால் கிளைகள் விலகி நிற்கும். இரும்பு அச்சில் விரைந்து குளிர்ந்தால் நெருங்கும். என் கையிலிருந்த விசிறியின் இறக்கை நுனி மெல்லியது, சீக்கிரம் குளிர்ந்தது. அங்கே உலோகம் நன்றாகவே இருந்தது. தடித்த அடிப்பகுதியில்தான் நேரமும் சுருக்கமும் சேர்ந்து காட்டை வளர்த்துவிட்டன.

மதியச் சாப்பாடு அங்கேயே. மடவைக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் பெரியவரின் மகன் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து, "அண்ணே, ஊத்துறவர்கிட்ட என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க. நான் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போறேன்" என்றார். இப்படி எழுதினேன். செம்பு குறைந்த சாமானைப் பிரித்து உருக்கவும். பழைய அலாய் வீல் கிடைத்தால் நல்லது, பிஸ்டன் வேண்டாம். சாமானைக் கழுவி, காயவைத்து, சூடேற்றிய பிறகு உலையில் போடவும். வாயு நீக்கும் மாத்திரையைக் கடைசியில் இறக்கவும். போரான் கம்பியைப் போட்டுக் கிளறி, இருபது நிமிஷத்துக்குள் ஊற்றிவிடவும்; துகள்கள் அலுமினியத்தைவிடக் கனமானவை, நேரமானால் அடியில் படிந்துவிடும். நடுத்தண்டின்மேல் ரைசரை, அதாவது சுருங்கும் இடத்துக்குத் திரவம் ஊட்டும் பகுதியை, இப்போது இருப்பதைவிடப் பெரிதாக வைக்கவும்.

அவர் படித்துப் பார்த்தார். "கம்பி எங்க கெடைக்கும்?" என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்படச் சாமான் விற்கும் கடைகளில் கேட்கச் சொன்னேன். ஒரு விசிறிக்காகக் கால் கிலோ கேட்டால் தருவார்களா என்பது அவருடைய அடுத்த கேள்வி. நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கி, உருக்குகிறவரிடமே கொடுத்துவைக்கலாம் என்றார் பெரியவர். வலைக்கு ஈயம் அப்படித்தான் வாங்குகிறார்களாம். மகன் நோட்டின் அடுத்த பக்கத்தில் படகுகளின் பெயர்களை எழுதத் தொடங்கினார். முறிந்த விசிறியை நான் கேட்டேன். கொடுக்கவில்லை. ஊற்றுகிறவருக்கு அந்தப் பொந்தைக் காட்ட வேண்டுமாம். உருப்பெருக்கியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.